கடைசி சாம்பிள்

அவர் ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிப்பவர். மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானதிலிருந்து அவளுடைய ரத்தத்தையும் அவரேதான் பார்த்துவந்தார். அவள் இறந்தபின் வீட்டில் அவரும் மகளும் மட்டும்.

வேலைக்குத் திரும்பிய அன்று, மனைவியின் கடைசி சாம்பிள் ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. கையில் எடுத்தார். குழாயில் உடம்புச் சூடு இருந்தது.

பழக்கதோஷத்தில் ஒரு சொட்டை இயந்திரத்தில் வைத்தார். சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியேட்டினின் எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கியிருந்தது. அடுத்த வாரம் நான்கு.

"பழசையெல்லாம் கொட்டிடவா அண்ணே?" என்று கேட்டாள் உடன் வேலை செய்பவள்.

"இது மட்டும் இருக்கட்டும்மா. இப்பத்தான் தேறிட்டு வருது."

அவள் குழாயில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். மற்றவற்றை மட்டும் எடுத்துப் போனாள்.

இன்று மாலை கடைசிச் சொட்டும் தீர்ந்தது. எல்லா அளவுகளும் சரியாக இருந்தன. அவருக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. காலிக் குழாயைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

வீட்டு வாசலிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, எவ்வளவு நேரமா கதவத் தட்டறேன்! உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு என்ன பண்றீங்க?"

அவர் ஆய்வகத்து விளக்கை அணைத்தார்.

"கொஞ்சம் பொறும்மா," என்றார். "அம்மா மெதுவாத்தான் நடந்து வருவா."