சத்தம் வராத சீன்

"அவ சாகப் போறா. அவளத் தவிர எல்லாருக்கும் அது தெரியும்" என்றான் சுதாகர்.

வாய்க்குக் கொண்டுபோன முறுக்கு நாகேந்திரனின் கையிலேயே நின்றுவிட்டது. மகன் டி.வி.யைக் கை காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. திரையில் பட்டுப்புடவை கட்டிய பணக்காரி ஒருத்தி மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தாள். சுதாகர் சொன்னது அவளைப் பற்றித்தான்.

தொண்டை வறண்டுபோயிருந்தது. நாகேந்திரன் மனைவி பக்கம் திரும்பி, குரலே எழுப்பாமல் வாயை மட்டும் அசைத்துத் தண்ணீர் கேட்டார். கோமளவல்லி சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அன்று அமாவாசை. தறிக்கு லீவு என்பதால் திருத்தணியில் அவர்கள் தெருவே ஊமையாகிக் கிடந்தது. சென்னையில் வேலை பார்க்கும் சுதாகர் காலையிலேயே வந்து இறங்கி, இருவரையும் பிடித்து உட்காரவைத்து, ஒரு பழைய தெலுங்குக் கொலைப் படத்தைப் போட்டுவிட்டான். இந்தப் பக்கம் தெலுங்கு தெரியாதவர் யார்?

"நாலு கதை நைனா. தனித்தனியா போய்கினே இருக்கும். கடைசியில நாலும் ஒண்ணா வந்து முடிச்சுப் போட்டுக்கும். உங்க காலத்துப் படம், ரெண்டு பேரும் பாத்ததே இல்லியா?"

"எங்க காலத்துல சினிமாவா பாத்தோம்? தறியத்தான்டா பாத்துகினு இருந்தோம்" என்றாள் கோமளவல்லி.

அவள் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வாரம் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, "வெறும் அல்சர்தாம்மா, மாத்திரையில சரியாயிடும்" என்று மகன் சொல்லியிருந்தான். அவளும் வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள்.

அல்சராவது ஒன்றாவது! நாகேந்திரனுக்கு விஷயம் அன்றைக்கே தெரியும்.

டாக்டர் அறைக்குள் சுதாகர் மட்டும்தான் போனான். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் பேச்சு வெளியே போகாது என்று நினைத்தான், படித்த பிள்ளை. விசைத்தறிக் கொட்டகையின் இரைச்சலில் பாதி ஆயுளைக் கழித்த மனிதருக்குச் சத்தம் எதற்கு? எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர் அவர். டாக்டரின் உதடு, "பொங்கல் தாண்ட மாட்டாங்க" என்றது.

திரும்பிப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் கோமளவல்லி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டு வீட்டோடு கிடந்தவள். உதட்டைப் படிக்கிற வித்தையெல்லாம் கொட்டகை ஆட்களோடு சரி.

அவளுக்குத் தெரியவே கூடாது என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தார். தெரிந்தால் ஒரு வாய்ச் சோறு இறங்காது, பயமே அவளைக் கொன்றுவிடும். தான் தெரிந்துகொண்டதை மகனிடமும் மூச்சு விடவில்லை.

அதிலிருந்து அவருக்கு அழுகையும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. காபி சுடுகிறதா, ஆறிப்போச்சா என்பதுகூடத் தெரியாமல் குடித்துவைத்தார். சம்மணமிட்டு உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி மனசு கிடந்தது.

"ஏண்டா, இந்த டாக்சிக்காரனுக்கும் அந்த நர்சம்மாவுக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்டாள் கோமளவல்லி.

"பொறும்மா. எல்லாம் வரும்."

படத்தில் மழை கொட்டியது. பணக்காரியின் தம்பி ஒரு டெலிபோன் பூத்துக்குள் நுழைந்து கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டான். வாய் அசைந்தது. மழைச் சத்தம்தான் கேட்டது.

"இதான் நைனா டாப் சீன்! இவன் இன்னா பேசறான்னு கடைசி வரைக்கும் சொல்லமாட்டானுங்க."

நாகேந்திரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 'பாலில் கலந்து அக்காவுக்குக் கொடுத்துவிடு' என்று தம்பி நர்சுக்குச் சொல்கிறான். வேறு நாளாயிருந்தால் தொடையைத் தட்டிக்கொண்டு சொல்லியிருப்பார். இன்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இதைச் சொன்னால், ஆஸ்பத்திரிக் கதவுக்கு உள்ளே நடந்ததையும் அவர் படித்திருப்பார் என்று மகனுக்குப் பொறி தட்டிவிடும்.

கடைசியில் சுதாகர் சொன்னபடியே நாலு கதையும் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தன. நர்ஸ் மாட்டிக்கொண்டாள், டாக்சிக்காரன் சாட்சி சொன்னான், தம்பி கையில் விலங்கு ஏறியது. பணக்காரியை மட்டும் யாராலும் காப்பாற்ற முடியவில்லை.

நாகேந்திரன் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் முறுக்குத் தூளை மடியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

"எப்டி? பூத்துக்குள்ள பேசினத யாராச்சும் கண்டுபிடிச்சீங்களா?" சுதாகர் துள்ளினான்.

"எனக்கு இன்னாடா தெரியும்?" என்றார் நாகேந்திரன்.

"நாங்க எங்கடா கண்டோம்" என்றாள் கோமளவல்லி. "நல்ல படம். நீ போய்க் கைகால் கழுவிகினு வா, சோறு போடறேன்."

சுதாகர் முதுகைக் காட்டிக்கொண்டு டி.வி.யை அணைக்கப் போனான். கோமளவல்லி கணவர் பக்கம் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் எழவில்லை. உதடு மட்டும் நிதானமாக அசைந்தது.

"டாக்டர் சொன்னத நானும் பாத்தேன். நமக்குத் தெரியும்னு புள்ளைக்குத் தெரிய வேணாம்."