கரைக்கு வந்த தலையணை உறைகள்

ஆனேக்கல் ஏரிக்கரையில் கசிவு பெரிதாகிக்கொண்டே போகிறது. வானம் வேறு கறுக்கிறது. கீழே பள்ளத்தில் வரிசையாகத் தகரக்கூரை வீடுகள். மண் குவிந்து கிடக்க, சாக்கு தீர்ந்துவிட்டது. புது அபார்ட்மென்ட்டிலிருந்து கரைக்கு வந்து நிற்கும் ஹெலனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாக்கு கேட்டு அவள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்திக்குக் கட்டைவிரல் படங்கள்தான் வந்து விழுகின்றன. “இந்த விரலை வெச்சே ஓட்டையை அடைச்சுடலாமா மேடம்?” மண்வெட்டியில் சாய்ந்தபடி குத்திப் பேசுகிறான் ஊர்க்கார குணசேகர். அவள் அபார்ட்மென்ட் கேட்டையே பார்க்கிறாள். கேட் திறக்கிறது. நைட்டியும் அரைக்கால் சட்டையுமாக ஒரு கும்பல் ஓடிவருகிறது, கை நிறையப் பூப்போட்ட தலையணை உறைகளோடு. “எங்க வீட்ல சாக்கு ஏதுங்க?” என்று மூச்சிரைக்கிறார் முன்னால் வந்தவர். குணசேகர் சிரிக்கவில்லை. ஓர் உறையை வாங்கி, வாயை விரித்து ஹெலனிடம் நீட்டுகிறான். “கெட்டியாப் புடி அக்கா, மண்ணு போடறேன்.” மழையின் முதல் துளி அவள் மணிக்கட்டில் விழுகிறது. அவள் பிடியை இறுக்குகிறாள்.