ஒரு குல்லா, இரண்டு துண்டு

"பச்சக் குழந்தைக்கு ஒரு குல்லா, ரெண்டு துண்டு கொடுங்கக்கா" என்றான் விஜயன்.

எமரால்டு என்ற மலையூரில் துணிக்கடை வைத்திருக்கும் பாப்பம்மாள் எடுத்துப் போட்டாள். "இந்தக் குளிருக்கு இது பத்துமா தம்பி? ஸ்வெட்டர், சாக்ஸ் வேண்டாமுங்களா?"

"துடைக்க ஒண்ணு, போர்த்த ஒண்ணு. அப்புறம் அம்மா நெஞ்சோட ஒட்டிப் படுக்க வச்சாப் போதுங்க."

"என்ன குழந்தைங்க?"

"இன்னும் பொறக்கலைங்க."

பாப்பம்மாள் துண்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பொறக்கறதுக்கு முன்னால துணி எடுக்கக் கூடாதுங்க. பொறந்தப்புறம் வாங்க."

"அப்ப கடைக்கு வர நேரமிருக்காதுக்கா."

"ஊட்டுக்காரிக்கு எத்தனை மாசம்?"

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க."

பாப்பம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப யாரு குழந்தைக்குத் தம்பி?"

"அதுதான் தெரியாதுங்க. போன வாரம் அவலாஞ்சியில இருந்து வர்றப்ப வழியிலயே ஒண்ணு பொறந்திருச்சு. என் ஸ்வெட்டரைக் கழட்டித்தான் போர்த்தினோம்."

அவனுடைய போன் அடித்தது. "பிக்கட்டியிலயா? வலி எடுத்திருச்சா? இதோ!" என்றபடி ஓடினான்.

வாசலில் நின்ற ஆம்புலன்ஸ் சைரனோடு கிளம்பியது.

"தம்பி, நில்லுங்க!" குல்லாவையும் துண்டுகளையும் வாரிக்கொண்டு, டிரைவர் ஜன்னலை நோக்கி ஓடினாள் பாப்பம்மாள்.