பொழியில் கிடந்த வாகை

"இந்த உளுத்த கட்டையிலயா கிண்ணம் கடையணும்?"

கோவில்பட்டியில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் கருத்தையா, சாக்கிலிருந்து உருண்டு விழுந்த வாகைத் துண்டைக் கால் விரலால் தள்ளிப் பார்த்தார். அவர் கடைந்த பம்பரத்தைப் பொங்கலன்று சுற்றிவிட்டால் கழுகுமலைத் தேரோட்டத்தன்றுதான் சாயும் என்று ஊரில் பேச்சு. அதில் பாதியாவது நிஜம். அப்பேர்ப்பட்ட கைக்கு இப்படி ஒரு கட்டை.

"ஆமா அண்ணாச்சி. ரெண்டு கிண்ணம்," என்றாள் பாலம்மாள்.

"என்ன போட்டு வைக்கப் போற தாயி? உப்பா, புளியா?"

"ஒண்ணும் வைக்க வேண்டாம். அலமாரியில சும்மா இருக்கணும்."

சும்மா இருப்பதற்கு ஒரு கிண்ணமா? கருத்தையாவுக்கு முதல் குழப்பம் அங்கே பிடித்தது.

"கட்டை ஏது?"

"எங்க அண்ணன்மாரு ரெண்டு பேரு புஞ்சைக்கும் நடுவுல, பொழி வரப்புல நின்ன மரம். காத்துல சாஞ்சு மூணு மழை ஆச்சு. பெரியவரு எனக்குங்காரு, சின்னவரு எனக்குங்காரு. ரெண்டு பேரும் எடுக்கவும் இல்ல, எடுக்க விடவும் இல்ல. பேச்சு வார்த்தையும் அன்னையோட நின்னு போச்சு."

"நீ மட்டும் எப்படி எடுத்த?"

"ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுதான் இருந்தாவ. கூடப் பிறந்தவளை எப்படி அதட்ட?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"பெரியண்ணன் வந்து கேட்டா, சின்னவரு செய்யச் சொன்னாருன்னு சொல்லணும். சின்னண்ணன் கேட்டா, பெரியவருன்னு சொல்லணும். மாத்திராதீங்க."

"பொய் சொல்லச் சொல்லுத."

"வார வெள்ளிக்கிழமை என் மகளுக்குக் காது குத்து அண்ணாச்சி. ஒருத்தரு வந்தா இன்னொருத்தரு வரமாட்டாராம். ரெண்டு மாமன் இருந்தும் பிள்ளை உக்கார ஒரு மடி இல்லையான்னு எங்க மாமியா வீட்டுல சிரிக்காவ."

கூடப் பிறந்தவர்களையே ஏய்க்கப் பார்க்கிறாளே என்று கருத்தையாவுக்குக் கசந்தது. குட்டு வெளிப்பட்டால் வருகிற ஒரு மடியும் வராமல் போகுமே, அது தெரியவில்லையே இவளுக்கு. தெருவோடு போகிற வம்பைத் தன் பட்டறைக்குள் வேறு இழுத்துவிட்டாள்.

ஆனாலும் கட்டையை இரண்டாக அறுத்து எந்திரத்தில் மாட்டினார். உளி பட்ட இடமெல்லாம் புழுதியாய் உதிர்ந்தது. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, உதிர்ந்த இடத்தில் வச்சிரப் பசையை ஊட்டி, காயவிட்டு, மறுபடியும் கடைந்தார். உப்புத்தாள் போட்டுத் துடைத்ததும் அடுத்த குழப்பம்.

வெளுத்த மரத்தில் கறுப்புக் கோடுகள் நெளிந்து ஓடின, யாரோ மசியைத் தொட்டு வரைந்த மாதிரி. முப்பது வருஷமாக நல்ல மரமாகத் தட்டிப் பார்த்து வாங்கிக் கடைந்தவருக்கு இப்படி ஒரு அழகு அமைந்ததே இல்லை. மழையில் கிடந்து வீணாய்ப் போனதற்குள் இது எங்கிருந்து வந்தது?

பாலம்மாள் வந்து கிண்ணங்களை வாங்கிப்போய், பெரியண்ணன் வீட்டுக்கு ஒன்றும் சின்னண்ணன் வீட்டுக்கு ஒன்றுமாக, மற்றவர் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து கருத்தையாவுக்கு ஒரே பாடம்தான். பெரியவர் கேட்டால் சின்னவர், சின்னவர் கேட்டால் பெரியவர். "குழம்பு போதுமா?" என்று பெண்டாட்டி கேட்டதற்கு, "சின்னவரு" என்று பதில் சொல்லி வசவு வாங்கினார்.

நாலாம் நாள் மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்தே வந்து நின்றார்கள். இதற்குப் பாலம்மாள் பதில் சொல்லித் தரவில்லை.

"யாருவே கிண்ணம் செய்யச் சொன்னது?" என்றார் பெரியவர் உக்கிரபாண்டி.

"சின்ன..." என்று தொடங்கிய கருத்தையா, பக்கத்தில் நின்ற சின்னவர் ராஜபாண்டியைப் பார்த்தார். "பெரிய..."

"முழுங்காதீரும். பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும். இவன் எனக்கு ஒரு துரும்பு குடுத்து விடுற ஆளா? கிண்ணத்தை இவன் புஞ்சையில வீசிட்டு வரலாம்னு பொழிக்குப் போனேன். இவனும் கையில ஒண்ணை வச்சுக்கிட்டு அங்கன நிக்கான்."

"நானும் வீசத்தான் போனேன்னு அவருகிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் ராஜபாண்டி.

"அவரு உங்க தோள் உரசத்தான நிக்காரு. நீங்களே சொல்லலாமே."

"நாங்க பேசுறதில்ல," என்றார்கள் இரண்டு பேரும்.

கருத்தையா தலையைச் சொறிந்தார். "சரி, ரெண்டு பேரும் ஏன் வீசல?"

உக்கிரபாண்டி, "பக்கத்துல வச்சுப் பாத்தா இதுல விட்ட கோடு அதுல ஓடுது. பிறகு எங்க வீச," என்றார்.

வாசலில் அவருடைய சைக்கிள் நின்றது. மிச்ச வாகைக் கட்டையைக் கேரியரில் கட்டியிருந்தார்கள்.

"கட்டை கனம். தள்ள ஒரு ஆளு, பின்னால பிடிக்க ஒரு ஆளு வேணும். வேற ஆளு ஆம்பிடல," என்றார் உக்கிரபாண்டி, யாரோ குற்றம் சொன்ன மாதிரி. "அதுல மூணாவதா ஒரு கிண்ணம் கடையும். வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் கம்மலை அதுல வச்சுத்தான் நீட்டணும்."

"செய்யச் சொன்னது யாருன்னு பாலம்மா கேப்பாளே?"

"இவன்னு சொல்லும்."

"அவருன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

இதில் எது பொய், எது நிஜம் என்று பிரித்துப் பார்க்கக் கருத்தையாவுக்குத் தெம்பில்லை. கட்டையை இறக்கி வைத்தார்.

ராஜபாண்டி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடக்க ஆரம்பித்தார். ஊருக்கு நாலு மைல். உக்கிரபாண்டி சைக்கிளை எடுத்து, அவரைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனார்.

பத்தடி போனதும் சைக்கிள் நின்றது. ஒற்றைக் காலை ஊன்றியபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ஏறுலே."