முழுதும் எழுதப் புறப்பட்ட சாக்பீஸ்

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்செட் இரண்டாக உடையட்டும்.

ஒரு கரும்பலகையில் பை என்ற கிரேக்க எழுத்து நின்றிருந்தது. "வளையலோ நிலாவோ, எந்த வட்டத்தின் சுற்றளவுக்கும் நான் வேண்டும்" என்றது.

"உன் மதிப்பை முழுசாகச் சொல்லு அண்ணே, எழுதி முடிக்கிறேன்" என்றது புதுச் சாக்பீஸ்.

"வேண்டாம் தம்பி, தேய்ந்துபோவாய்."

சாக்பீஸ் கேட்கவில்லை. பை சொல்லச் சொல்ல, 3.14159 என்று தொடங்கியது. பலகை நிறைந்தது, சுவர் நிறைந்தது. எண்கள் வாசலைத் தாண்டிப் புளியமரத்தில் ஏறின. உச்சிக்கு வந்தபோது சாக்பீஸ் கடலைப் பருப்பளவுதான் இருந்தது.

"அடேய், நிறுத்து! இன்னும் நாலு எழுதினால் நீ வெறும் தூள்!" என்று கீழேயிருந்து கத்தியது டஸ்டர்.

"பாதியாவது வந்துவிட்டேனா, அண்ணே?" என்று பையைக் கூவிக் கேட்டது சாக்பீஸ்.

"முடிவு இருந்தால்தானே தம்பி, பாதி இருக்கும்? என்னை நானே முழுசாகப் பார்த்ததில்லை."

சாக்பீஸ் அண்ணாந்து வானத்தைப் பார்த்தது.

"அடேயப்பா!" என்றது மெதுவாக. "சரி, அடுத்த எண்ணைச் சொல்லு அண்ணே."

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். மரத்தைத் துடைக்க என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.