கஞ்சி போட்ட உள்பாவாடை

பெட்டியின் மூடி இறங்கவில்லை.

ஆசாரி அமுக்கினார். அமுங்கியது. கையை எடுத்ததும் மறுபடி எழுந்தது.

தலைமாட்டில் அக்கா நின்றாள். உள்ளே அவள் தங்கை எமல்டா. மஞ்சள் குடை ஸ்கர்ட். அதற்குள் அடுக்கடுக்காய் வலைத்துணி வைத்த உள்பாவாடை. கிறிஸ்துமஸ் நடனத்துக்காக எமல்டாவே கெட்டியாகக் கஞ்சி போட்டது. இன்னும் விறைப்பு விடவில்லை.

அந்த வருஷம் பொன்மலை ரயில்வே காலனியில் வயசுப் பெண்கள் எல்லோருக்கும் இந்த ஸ்கர்ட் மேல்தான் பைத்தியம். அம்மாவுக்கு மட்டும் ஆகாது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கொடுக்காதே என்பாள்.

டைபாய்டில் கிடந்தபோது எமல்டா கேட்டது ஒன்றுதான். செத்துப்போனால் அந்த ஸ்கர்ட்டில் அனுப்ப வேண்டும், உள்பாவாடையோடு. அது இல்லாவிட்டால் நனைந்த குடை மாதிரி தொங்கும்.

அக்கா சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

"அமுக்கி ஆணி அடிச்சிரலாம். இல்லாட்டி உள்ள இருக்கிறத எடுத்துருங்கம்மா" என்றார் ஆசாரி.

தங்கையை நசுக்க மனம் வரவில்லை. ஆண்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, உள்பாவாடையை உருவி எடுத்தாள். மஞ்சள் ஸ்கர்ட் எமல்டாவின் மெலிந்த கால்களோடு ஒட்டிப் படுத்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மூடி சுலபமாக இறங்கியது.

கையில் எடுத்துப் போனால் தடுப்பார்கள். தன் கறுப்புக் கவுனுக்கு அடியில் கட்டிக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டம் வரைக்கும் கவுன் உப்பிக்கொண்டு வந்தது. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் சரசரத்தது. பின்னால் வந்த பெண்கள் குசுகுசுத்தார்கள். சாவுக்கு வருகிற லட்சணமா இது?

அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அக்கா தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

பெட்டி குழிக்குள் போனது. சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு விலகினார். மண் அள்ள எல்லோரும் குனிந்தார்கள்.

அக்கா, கவுனின் பக்கத் திறப்பில் கையை விட்டு நாடாவை இழுத்தாள்.

உள்பாவாடை அவள் காலைச் சுற்றி வட்டமாக விழுந்து, விழுந்த பிறகும் விறைப்பாக நின்றது. அதிலிருந்து வெளியே வந்தாள்.

கோயில் உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ "சேசுவே" என்றார்கள்.

வாரி எடுத்து நிமிர்ந்தபோது அம்மா எதிரே நின்றாள். அடி விழப்போகிறது என்று நினைத்தாள்.

அம்மா உள்பாவாடையின் மறுபக்கத்து விளிம்பைப் பிடித்தாள்.

"பெட்டி மேல விரிச்சுப் போடுடி. கசங்கிரப் போவுது."