குடுவையில் வளர்ந்த மனிதப் புரதம்

ஆய்வகத்து ஃப்ரீசரில் இரண்டு குப்பிகள் அருகருகே இருந்தன. இரண்டின் மேலும் 'மனிதப் புரதம்' என்றே ஒட்டியிருந்தது. மூத்தது மனித ரத்தத்திலிருந்து எடுத்தது. இளையது, மனித மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்தது.

"உடம்புக்குள்ள ஓடின காலம் இருக்கே," என்று மூத்தது பெருமூச்சு விட்டது. "நீ யாரோட உடம்புல இருந்தே?"

"நான் எந்த உடம்பையும் பார்த்ததில்லைண்ணே," என்றது இளையது. "கண்ணாடிக் குடுவையில வெதுவெதுன்னு சத்துத் தண்ணி. ராவும் பகலும் குடுவை ஆடிக்கிட்டே இருக்கும். பாக்டீரியா அம்மா அந்த ஆட்டத்துலயே என்னைச் செஞ்சா. என்னை வெளிய எடுக்கத்தான் அவளை உடைச்சாங்க."

"அதையெல்லாம் யார்கிட்டயும் சொல்லாதே. லேபிள்ல மனிதப் புரதம்னு போட்டிருக்கு. பேசாம இரு."

மறுநாள் ஆய்வாளர் ரெஜினா இளையதை எடுத்து உருக்கினார். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் மொத்தத்தையும் தட்டிலிருந்த மனிதச் செல்களின் மேல் விட்டார். வளர்ச்சி நின்று வாடிக் கிடந்த செல் ஒன்று அதை இறுகப் பிடித்துக்கொண்டது.

"உனக்காகத்தான் காத்திருந்தோம். சொந்த வீட்டுக்கே வந்துட்டே. இனி உனக்கு என்ன குறை?"

"ஒண்ணும் இல்லை," என்றது புரதம்.

செல் மெல்ல நிமிர்ந்து வளரத் தொடங்கியது. தட்டு அசையாமல் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் புரதம் கேட்டது.

"இங்கே யாரும் ஆட்டமாட்டாங்களா?"